பளபளக்கும் டபுள் சீட்டு! அடியில் பதுங்கும் துரு!

பழைய மோட்டார் சைக்கிளின் சீட்டைப் புதுப்பிப்பது எப்படி? உப்புக் காற்று வீசும் தூத்துக்குடிக் கரைக்கு ஏற்ற வழி!

ஞாயிற்றுக்கிழமை மாலை. தூத்துக்குடி கடற்கரைச் சாலை.

ஒரு புல்லட் ‘தட தட’ என்று வருகிறது. கணவர் ஓட்டுகிறார். பின்னால் மனைவி ஒருக்களித்து உட்கார்ந்து இருக்கிறார். ஒரு கை கணவரின் தோளில். மறு கையில் பூப்பொட்டலம்.

வண்டி பழையது. தகப்பனார் காலத்து வண்டி. ஆனால் சீட்டு மட்டும் புத்தம் புதிது! கறுப்பு ரெக்சின். ஓரத்தில் வெள்ளைப் பைப்பிங். பார்ப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

அந்த அழகான ரெக்சினுக்கு அடியில் என்ன இருக்கிறது?

ஒரு இரும்புத் தகடு. அந்தத் தகட்டை வண்டியோடு சேர்த்துப் பிடிக்கும் ஒரு கொக்கி. சில போல்ட்டுகள். அவ்வளவுதான்!

அந்தத் தகடு துருப்பிடித்து, அப்பளம் போல் ஆகி இருந்தால்?

வண்டி ஓட்டுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் உண்டு. பிரேக்கும் அவர் வசம்தான். பள்ளம் வருவதும் அவர் கண்ணுக்கு முன்பே தெரியும். பின்னால் இருப்பவருக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. சீட்டு அசைந்தால் அவரும் அசைவார். சீட்டு கழன்றால் அவர் கீழேதான்!

ஆகவே, பழைய சீட்டைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் முதலில் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். வேலையை மேலே இருந்து தொடங்கக்கூடாது. அடியில் இருந்து தொடங்க வேண்டும்.

தீப்பிடித்த சீட்டு!

மோட்டார் சைக்கிளின் சரித்திரமே ஒரு சீட்டு விபத்தோடுதான் தொடங்குகிறது!

1885-ம் ஆண்டு. ஜெர்மனியில் காட்லீப் டைம்லர் என்ற என்ஜினீயர் ஒரு வண்டி செய்தார். மரச் சட்டம். மரச் சக்கரம். நடுவில் பெட்ரோல் என்ஜின். உலகின் முதல் மோட்டார் சைக்கிள் என்று பலரும் கூறுவது அந்த வண்டியைத்தான்.

அவருடைய மகன் பால் அதில் ஏறி, கான்ஸ்டாட் என்ற ஊரில் இருந்து புறப்பட்டார். என்ஜினில் தீ மூட்டும் சூடான குழாய், சரியாக சீட்டின் அடியில் இருந்தது. போகும் வழியில் சீட்டு தீப்பிடித்துக்கொண்டது!

சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் வண்டியே கற்றுத் தந்த பாடம் இது.

ஒன்று இரண்டான கதை

அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்களில் ஒருவர் உட்காரும் சீட்டுதான் இருந்தது. சைக்கிள் சீட்டைப் பெரிதாக்கியது போல் இருக்கும். தோல் போர்த்திய சீட்டு. அடியில் இரண்டு கம்பிச் சுருள்கள்.

அந்தச் சுருள்கள் எதற்கு? அந்த வண்டிகளில் பின்சக்கரம் சட்டத்தோடு அசையாமல் பூட்டப்பட்டு இருக்கும். பள்ளத்தில் விழும் அடி நேராக முதுகுத்தண்டுக்கு வரும். அதைத் தாங்குவதற்குத்தான் சுருள்!

இரண்டாவது ஆள் எங்கே உட்காருவது? பின்சக்கரத்து மட்கார்டின் மேல் ஒரு சிறு மெத்தை வைத்தார்கள். அதற்கு ‘பில்லியன்’ என்று பெயர். இது கணக்கில் வரும் பில்லியன் அல்ல! குதிரை ஓட்டுகிறவருக்குப் பின்னால் பெண்கள் உட்கார மெத்தை போடுவார்கள். அந்த மெத்தையின் பெயர்தான் மோட்டார் சைக்கிளுக்கும் வந்தது.

இரண்டாவது உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. பின்சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பர் வைக்கத் தொடங்கினார்கள். அடியை அதுவே வாங்கிக்கொண்டது. சீட்டுக்கு அடியில் சுருள் தேவை இல்லாமல் போயிற்று. இருவரும் உட்காரும் ஒரே நீளச் சீட்டு வந்தது. அதுதான் டபுள் சீட்டு!

சைக்கிளில் ‘டபுள்ஸ்’ போனால் போலீஸ்காரர் பிடிப்பார் என்ற பயம் ஒரு காலத்தில் நம் ஊர்களில் உண்டு. அந்தக் காலத்து மக்களுக்கு, இரண்டு பேர் பயம் இல்லாமல் உட்கார்ந்து போகும் வண்டி எவ்வளவு பெரிய பேறாகத் தோன்றி இருக்கும்!

திருவொற்றியூர் புல்லட்

தமிழ்நாட்டில் டபுள் சீட்டு என்றதும் பலர் நினைவுக்கு வருவது புல்லட்தான்.

ராயல் என்பீல்டு என்பது இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த கம்பெனி. 1955-ம் ஆண்டு அது சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தது. ‘என்பீல்டு இந்தியா’ பிறந்தது. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது.

முதலில் பாகங்கள் இங்கிலாந்தில் இருந்து கப்பலில் வந்தன. இங்கே பூட்டினார்கள். 1962-ம் ஆண்டு வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின.

வேடிக்கை என்னவென்றால், 1970-ம் ஆண்டோடு இங்கிலாந்துக் கம்பெனி மோட்டார் சைக்கிள் செய்வதை நிறுத்திவிட்டது. தாய் ஓய்ந்த பிறகும் பிள்ளை ஓடியது! திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து தயாராகி வந்தது.

அதனால்தான் பழைய புல்லட்டுகள் இன்றும் தமிழ்நாட்டுத் தெருக்களில் தென்படுகின்றன. தாத்தா ஓட்டிய வண்டியைப் பேரன் ஓட்டும் வீடுகள் உண்டு. என்ஜினை இறக்கி, பிஸ்டன் மாற்றி, பெயிண்டு அடித்துப் புதிதாக்குகிறார்கள். ஆனால் சீட்டு விஷயத்தில் மட்டும் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். ‘மேலே கவர் மாற்றினால் போதும்’ என்று நினைக்கிறார்கள்.

வேறு ஊரில் அது சில ஆண்டுகள் தாங்கலாம். தூத்துக்குடியில் தாங்காது!

உப்பு செய்யும் வேலை

முள்ளக்காடு, வேப்பலோடை, ஆறுமுகநேரி... தூத்துக்குடியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் உப்பளம். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா. கடல் காற்று நாள்தோறும் உப்பைச் சுமந்து வந்து வண்டியின் மேல் தூவுகிறது.

உப்புக்கு ஒரு குணம் உண்டு. அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் அடுக்களையில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான் வண்டியின் மேலும் நடக்கிறது. உப்பு படிந்த இரும்பு எப்போதும் ஈரமாகவே இருக்கும். ஈர இரும்பைத் துரு தின்னும்.

சீட்டின் அடித்தகட்டுக்கு இரண்டு பக்கமும் ஆபத்து. கீழே இருந்து சக்கரம் வாரி அடிக்கும் உப்புச் சேறு. மேலே இருந்து, தையல் விட்ட இடத்தில் இறங்கும் மழைத் தண்ணீர்.

உள்ளே இறங்கிய தண்ணீரை மெத்தை குடித்து வைத்துக்கொள்கிறது. வெளியே வெயில் அடிக்கும். சீட்டின் மேல்புறம் காய்ந்து சுடும். ஆனால் உள்ளே பல நாள் ஈரம் நிற்கும். நனைந்த பஞ்சை இரும்பின் மேல் கட்டி வைத்தது போல! துருவுக்கு இதைவிட நல்ல வீடு வேண்டுமா?

ஆகவே ஐப்பசி மழைக்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.

கழற்றும்போது கவனம்

பெரும்பாலான பழைய வண்டிகளில் சீட்டின் முன்பக்கம் ஒரு கொக்கியில் மாட்டி இருக்கும். பின்பக்கம் போல்ட்டுகள் பிடித்திருக்கும். போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வாஷர் மேலே, எது கீழே என்பது அப்புறம் மறந்துபோகும். கழற்றியவற்றை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

துரு ஏறிய போல்ட்டோடு மல்லுக்கு நிற்கக்கூடாது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊற விடுங்கள். காலையில் இளகிக் கொடுக்கும்.

சீட்டைக் கவிழ்த்துப் பார்த்தால், தகட்டின் ஓரத்தில் சிறு சிறு பற்கள் தெரியும். ரெக்சினைக் கடித்துப் பிடித்திருப்பவை அவைதான். மெதுவாக நிமிர்த்துங்கள். அவசரப்பட்டால் பற்கள் ஒடியும். கையையும் கிழிக்கும்.

கிழிந்த பழைய உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! தையற்காரருக்கு அளவுச் சட்டை கொடுப்பது இல்லையா? அதுபோல, பழைய உறைதான் புதிய உறைக்கு அளவு.

தட்டிப் பார்! குத்திப் பார்!

இப்போது தகடு கையில் இருக்கிறது. இதுதான் முக்கியமான கட்டம்.

முதல் வேலை, நல்ல தண்ணீரில் கழுவுவது. ஒரு முறை அல்ல. மூன்று நான்கு முறை! உப்பு முழுவதும் போக வேண்டும். உப்பின் மேல் பெயிண்டு அடித்தால், கொஞ்ச நாளில் பெயிண்டு கொப்புளம் போடும். கொப்புளத்துக்குள் துரு மறுபடியும் வேலையைத் தொடங்கிவிடும்.

அடுத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு சுத்தியலால் இலேசாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு ‘கணீர்’ என்று ஒலிக்கும். அரித்த இடம் ‘பொத்’ என்று சொல்லும். அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நுழைந்துவிட்டால் அந்த இடம் உதவாது.

கொக்கி இருக்கும் இடம், போல்ட் துவாரம், கைப்பிடி வார் பூட்டும் இடம். இந்த மூன்று இடங்களையும் கட்டாயம் பார்க்க வேண்டும். பின்னால் இருப்பவரின் பாரத்தை வாங்குவது இவைதான். ஒருக்களித்து உட்கார்ந்தால் பாரம் ஒரே பக்கமாக இழுக்கும். அப்போது ஒரு பக்கத்து போல்ட்டே அதிக பாரத்தைச் சுமக்க வேண்டி இருக்கும்.

அரித்த இடத்தில் மாவு பூசி மறைப்பவர்கள் உண்டு. மாவு பாரம் தாங்காது! அரித்த பகுதியை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். வெல்டிங் வேலையை வண்டியின் பக்கத்தில் வைத்துச் செய்யக்கூடாது. அங்கே பெட்ரோல் டாங்க் இருக்கிறது. மெத்தையும் எளிதில் தீப்பிடிக்கும்.

இலேசான துரு என்றால், துரு நீக்கும் திராவகம் கடைகளில் கிடைக்கும். பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்குவது போலத்தான் இதுவும். புளியில் உள்ள புளிப்பு களிம்பைக் கரைக்கிறது. இந்தத் திராவகம் துருவைக் கரைக்கிறது. கையில் ரப்பர் உறை போட்டுக்கொள்வது நல்லது.

பிறகு ரெட் ஆக்சைடு அடித்து, அது காய்ந்ததும் பெயிண்டு அடிக்க வேண்டும். தகட்டில் சிறு துவாரங்கள் இருந்தால், பெயிண்டு அவற்றை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வடிவதற்கு அவைதான் வழி.

நார், ரோமம், ரப்பர்

பழைய சீட்டுகளின் மெத்தையைப் பிரித்தால் பல அதிசயங்கள் தெரியும். சிலவற்றில் தேங்காய் நார் இருக்கும். சிலவற்றில் குதிரை ரோமம்! சிலவற்றில் ரப்பர் பாலை நுரைக்க வைத்துச் செய்த மெத்தை. இந்த ரப்பர் நுரை மெத்தையை டன்லப் கம்பெனியார் 1929-ம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள்.

மெத்தை நன்றாக இருந்தால் நிழலில் உலர்த்தி மறுபடியும் போடலாம். வெயிலில் போடக்கூடாது. ரப்பர் நுரை வெயிலில் பொடிந்துபோகும். கையால் கசக்கினால் தூளாக உதிர்கிறதா? யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.

புது மெத்தை வாங்கும்போது ‘மெத்து மெத்து’ என்று இருப்பதைப் பார்த்து மயங்கக்கூடாது. கடையில் கை வைத்தால் சுகமாக இருக்கும். இரண்டு பேர் உட்கார்ந்து திருச்செந்தூர் போய் வந்தால், தகடு முதுகைப் பதம் பார்க்கும்! அடியில் கெட்டியான மெத்தை. மேலே மெல்லிய மெத்தை. இப்படி இரண்டடுக்காக ஒட்டினால் உழைக்கும்.

ஓட்டுகிறவர் இடம் சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும். வண்டியை நிறுத்தும்போது அவருடைய இரண்டு கால்களும் தரையில் ஊன்ற வேண்டும் அல்லவா? அழகுக்காக மெத்தையை உயர்த்திவிட்டு, சிக்னலில் தடுமாறுகிறவர்கள் உண்டு.

சட்டை தைப்பது போல

ரெக்சின் என்பது முதலில் ஒரு ஆங்கிலக் கம்பெனியின் சரக்குப் பெயர். துணியின் மேல் பசை பூசி, தோல் போல் செய்த பொருள். இன்று தோல் போன்ற எல்லாத் துணிக்கும் அதுவே பெயராகிவிட்டது.

சீட்டு தைக்கும் தொழிலாளி பழைய உறையின் தையலைப் பிரிப்பார். துண்டு துண்டாக விரிப்பார். அதை வைத்துப் புது ரெக்சினை வெட்டுவார். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும். ஆகவே நைலான் நூல் போட்டுத் தைக்கும்படி சொல்லுங்கள். தையல் துவாரம் வழியாகத் தண்ணீர் இறங்காமல் இருக்க, மெத்தையின் மேல் ஒரு பாலிதீன் தாளைப் போர்த்திவிடுவது நல்லது.

உறை போடுவதற்கு முன்பு ரெக்சினைச் சிறிது நேரம் வெயிலில் வையுங்கள். இளகி, இழுத்த இழுப்புக்கு வரும். தூத்துக்குடி வெயில் துரு பிடித்த இரும்புக்கு உதவாவிட்டாலும் இதற்கு உதவும்! முதலில் முன்பக்கம். அடுத்து பின்பக்கம். கடைசியாகப் பக்கவாட்டில், நடுவில் தொடங்கி மூலைக்குப் போக வேண்டும். அப்படிச் செய்தால் சுருக்கம் விழாது.

பூட்டுவதுதான் பெரிய வேலை!

சீட்டு தயார். இனி வண்டியில் பூட்ட வேண்டும். ‘இரண்டு போல்ட்டுதானே’ என்று அலட்சியம் கூடாது.

முதலில் முன் கொக்கி சரியாக மாட்டி இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டின் முன்பக்கத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். எழும்பினால் கொக்கி மாட்டவில்லை என்று அர்த்தம்.

பின் போல்ட்டுகளை முதலில் கையால் மட்டும் முடுக்குங்கள். எல்லாம் நேராக உட்கார்ந்த பிறகு, ஸ்பானரால் மாற்றி மாற்றி இறுக்குங்கள். புது போல்ட், புது ஸ்பிரிங் வாஷர் போடுங்கள். துவாரம் பெரிதாகிவிட்டால், கம்பி கட்டி ஒப்பேற்றக்கூடாது. அந்த இடத்துக்குப் புதுத் தகடு வைக்க வேண்டும்.

போல்ட் தேவைக்கு மேல் நீளமாக இருப்பதும் ஆபத்து! அதன் நுனி மட்கார்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒருவர் ஏறும்போது ஒன்றும் தெரியாது. இருவர் ஏறிப் பள்ளத்தில் இறங்கினால் சக்கரம் மேலே வரும். டயரை அந்த நுனி கிழித்துவிடும்!

ஆகவே, வண்டியை நிறுத்தி வைத்து இரண்டு பேர் ஏறி உட்காருங்கள். மூன்றாவது ஆள் கீழே குனிந்து பார்க்கட்டும். டயருக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா? மட்கார்டு உரசுகிறதா? சீட்டின் ஓரம் ஏதாவது மின்சார வயரை நசுக்குகிறதா? வயர் நசுங்கினால் ஷார்ட் சர்க்யூட் ஆகும். 1885-ல் நடந்தது மறுபடியும் நடக்கும்!

ஒரு வாரம் ஓட்டிய பிறகு போல்ட்டுகளை மறுபடியும் ஒருமுறை இறுக்குங்கள். புதுச் சீட்டு உட்கார்ந்து படியும்போது அவை சற்று இளகி இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இது அவரவர் விருப்பத்தைப் பொறுத்த விஷயம் மட்டும் அல்ல. சட்டமும் இதில் தலையிடுகிறது.

1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, மோட்டார் சைக்கிளில் ஓட்டுகிறவரைத் தவிர ஒருவர்தான் போகலாம். அவரும் ஓட்டுகிறவருக்குப் பின்னால், உறுதியாகப் பூட்டிய சீட்டில்தான் உட்கார வேண்டும். ‘உறுதியாக’ என்பதைக் கவனியுங்கள்!

1989-ம் ஆண்டின் மத்திய விதிகள் இன்னும் மூன்று பொருள்களைக் கேட்கின்றன. பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ள நிலையான கைப்பிடி. கால் வைக்க மிதி. புடவையோ வேட்டியோ சக்கரத்தில் சிக்காமல் இருக்க, சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு. இதைத்தான் ‘சாரி கார்டு’ என்கிறோம். சீட்டைப் புதுப்பிக்கும்போது ‘அழகைக் கெடுக்கிறது’ என்று இதைக் கழற்றி எறிகிறவர்கள் உண்டு. அது பெரிய தவறு.

பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும். 9 மாதத்துக்கு மேல் 4 வயதுக்குள் உள்ள குழந்தையை ஏற்றிச் சென்றால், குழந்தைக்கு ஹெல்மெட்டும் பாதுகாப்பு வாரும் போட வேண்டும். வேகம் 40 கிலோ மீட்டரைத் தாண்டக்கூடாது. 2023-ம் ஆண்டு முதல் இந்த விதி நடைமுறைக்கு வந்தது.

ஒற்றைச் சீட்டு வண்டிக்குப் புதிதாக டபுள் சீட்டு போடுகிறீர்களா? பதிவுப் புத்தகத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்று எழுதி இருக்கும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

மச்சான் பிடித்த கயிறு

தூத்துக்குடிக் கடலில் ஒரு காலத்தில் முத்துக் குளிப்பு நடந்தது. 1961-ம் ஆண்டோடு அது நின்றுபோயிற்று.

முத்துக் குளிப்பவர் கல்லின் பாரத்தால் கடலுக்குள் இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். குளிப்பவர் கயிற்றை அசைத்ததும் ‘சரசர’ என்று மேலே இழுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் உயிர் போய்விடும்!

அந்தக் கயிற்றைப் பிடிக்கிற வேலையை எல்லோரிடமும் கொடுக்க மாட்டார்கள். குளிப்பவரின் மனைவியுடைய உடன்பிறந்தான்தான் பிடிப்பார் என்று கடற்கரையில் சொல்வார்கள். தன் சகோதரி தாலி இழக்க எந்த அண்ணன் தம்பி சம்மதிப்பான்?

கடலுக்குள் இருப்பவருக்கு மேலே நடப்பது தெரியாது. நம்பிக்கைதான் துணை.

டபுள் சீட்டில் பின்னால் உட்காருகிறவரும் அப்படித்தான். அடியில் இருக்கும் தகட்டை அவர் பார்த்தது இல்லை. போல்ட்டை எண்ணியது இல்லை. ‘இவர் பார்த்துக்கொள்வார்’ என்று தோளில் கை வைத்து உட்காருகிறார்.

இன்றைக்கே வண்டியின் சீட்டை ஒரு முறை பிடித்து ஆட்டிப் பாருங்கள். அசைகிறதா? அப்படியானால் ரெக்சின் கடைக்கு அப்புறம் போகலாம். முதலில் ஸ்பானரை எடுங்கள்!